வட்டம் போட்ட வீடுகள்

அந்த ஆண்டு எங்கள் கவுன்சிலிடம் இருந்தவை ஒரு மாட்டு வண்டி, ஒரு வண்டிக்காரர், ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர், கூரை ஒழுகும் ஒரு டிஸ்பென்சரி, அவ்வளவுதான். தலைவரையும் அங்கத்தவர்களையும் நான் சேர்க்கவில்லை. காய்ச்சல் தொடங்கியதும் அவர்களில் பாதிப் பேர் தூரத்து உறவினர்களின் நலம் விசாரிக்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

கண்டியிலிருந்து குண்டசாலைப் பக்கம் போகையில் மகாவலிக் கரையை ஒட்டியிருந்த சிறிய பட்டினம் அது. நான் அங்கே கன்னியர் மடத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. மழை பொய்த்து, ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. அக்கா ஒருநாள் காலையில் எழுந்து, "காது அடைச்ச மாதிரி இருக்குடி" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் இருவரும் நாவலப்பிட்டியில் இதே ஆற்றின் இரைச்சலில் வளர்ந்தவர்கள். அது நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இதுவரை இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகி இரவெல்லாம் கடித்தது. பிறகு வீடு வீடாகக் காய்ச்சல்.

அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய் தகப்பன் போன பிறகு எனக்கு இருந்தது அவள் மட்டும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். மடத்தில் துணி வெளுத்து, கலியாணம் என்ற பேச்சையே எடுக்காமல், என்னை டீச்சராக்கினாள். அவளுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் மூச்சு விடவே பாடுபடுவாள். "இந்தக் காய்ச்சல் உன் அக்காவுக்கு வந்தால் தாங்கமாட்டாள், பார்த்துக்கொள்" என்று டிஸ்பென்சரிக்காரர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. காய்ச்சலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. நாவலப்பிட்டிச் சொந்தக்காரர் வீட்டுக்கு அவளை அனுப்பப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவள்தான் அசையவில்லை.

கூட்டம் எங்கள் பள்ளி மண்டபத்தில் நடந்தது. இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ நிழலோ குடையை மடக்காத மனிதர். எழுந்து நின்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"கவுன்சிலிட்டை ஆக்கள் இல்லை. உங்கடை சங்கங்களிட்டை ஆக்கள் இருக்கினம். எங்களிட்டைக் கஞ்சியும் கொயினா மருந்தும் இருக்கு. சேர்ந்து செய்வம்."

எங்கள் கவுன்சில் எதையும் தானாகச் செய்தது கிடையாது. சந்தையை முஸ்லிம் வியாபாரிகள் சங்கம் பார்த்துக்கொண்டது. வாசிகசாலையை விகாரைச் சங்கம் பார்த்துக்கொண்டது. பிரசவ விடுதி எங்கள் மாதா கோயில் சங்கத்தின் கையில். தெரு விளக்கு கவுன்சிலுடையது, எண்ணெய் ஒரு சங்கத்துடையது, ஏற்றுகிறவர் இன்னொரு சங்கத்தின் ஆள். விளக்கு எரியாவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் இந்த ஏற்பாட்டால்தான் அந்தச் சின்னப் பட்டினத்துக்குப் பிரசவ விடுதியே வந்தது என்பதையும் மறைக்க முடியாது. இப்போது காய்ச்சலையும் அதே மாதிரி மூன்றாகப் பிரித்தார்கள். கடைத்தெரு முஸ்லிம் சங்கத்துக்கு, வயல் மேட்டு வீடுகள் விகாரைச் சங்கத்துக்கு, கோயிலிலிருந்து ஆற்றங்கரை வரை போகும் தெரு எங்களுக்கு.

முறை இதுதான். சங்கத்து ஆள் காலையில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, கதவு நிலையில் வெண்கட்டியால் அடையாளம் போட வேண்டும். எத்தனை பேர் படுத்திருக்கிறார்களோ அத்தனை கோடு. பத்து மணிக்குமேல் கவுன்சில் வண்டி வரும். வண்டிக்காரர் கோடுகளை எண்ணிக் கஞ்சி ஊற்றி, கொயினா கொடுத்துவிட்டுப் போவார். ஆள் இல்லாமற்போன வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் ஒரு பெருக்கல் குறியைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார்.

முஸ்லிம் சங்கத்தின் சார்பில் வந்திருந்தவர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். மெல்ல எழுந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. குருசு மாதிரி ஈக்கிதே. எங்கட தெருவுல ஊட்டுக்கு ஊடு குருசு போட்டா மனுசர் கஞ்சிக்கும் வெளிய வர மாட்டாங்க."

எங்கள் சங்கத் தலைவருக்கும் அது பிடிக்கவில்லை. சிலுவையைப் போய் ஆளில்லாத வீட்டுக்கு அடையாளம் வைப்பதா என்றார். இரண்டு மதமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போன அபூர்வமான நாள் அது. கடைசியில் வட்டம் என்று முடிவாயிற்று. வட்டம் என்றால் பூச்சியம், ஒன்றுமில்லை. வட்டம் போட்ட வீட்டில் வண்டி நிற்கத் தேவையில்லை. மறுநாள் சங்கத்து ஆளும் அந்தக் கதவைத் தட்டத் தேவையில்லை. இந்த இரண்டாவது யோசனையைச் சொன்னது நான். நேரம் மிச்சமாகும் என்றேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பாராட்டினார். பள்ளி அலுமாரியைத் திறந்து வெண்கட்டிப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

முதல் வாரத்திலேயே எங்கள் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் படுத்துவிட்டார்கள். பள்ளி மூடியிருந்தது. தெரு முழுவதும் என் தலையில் விழுந்தது. கதவைத் தட்டுவேன், உள்ளிருந்து குரல் வரும், எத்தனை பேர் என்று கேட்பேன், கோடு போடுவேன். உள்ளே போகமாட்டேன். நுளம்பால்தான் வருகிறது என்று இன்ஸ்பெக்டர் ஆயிரம் தடவை சொன்னாலும், கதவைத் தாண்டினால் சேலையில் ஒட்டிக்கொண்டு அக்காவிடம் வந்துவிடும் என்றே என் உடம்பு நம்பியது. வீடு திரும்பியதும் கிணற்றடியில் வேப்பிலைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் அக்கா பக்கத்தில் போவேன். அவள் சிரிப்பாள்.

"என்னமோ ஊரையே தொட்டுட்டு வந்த மாதிரி தேய்க்கிற."

"தொட்டிருந்தா?"

"தொட்டா என்னடி. டீச்சர்னா தொடத்தானே வேணும்."

தெருவின் கடைசி வீடு ஆற்றுக்கு மேலே தனியாக இருந்தது. அதில் ஒரு தையல்காரப் பெண், நாலு வயது மகளோடு இருந்தாள். பன்விலத் தோட்டத்திலிருந்து புருஷன் இறந்த பிறகு வந்தவள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையெல்லாம் அவள் தைத்ததுதான். தெருவின் பாதியில் வரும்போதே அவளுடைய மிஷின் சத்தம் கேட்கும். முதல் நாட்களில் இரண்டு கோடு போட்டேன், காய்ச்சல் விடும் வேளைகளில் மிஷின் ஓடியது. ஒருநாள் மிஷின் சத்தமும் இல்லை, கதவைத் தட்டினால் பதிலும் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே ஏதோ மரத்தில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டது. கதவிடுக்கில் ஒரு புளித்த வாடை. நல்ல வெயில், காலை ஒன்பது மணி. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

கதவைத் தள்ளியிருந்தால் திறந்திருக்கும். நான் தள்ளவில்லை. உள்ளே இரண்டு பிணங்களைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது. போய்விட்டிருப்பார்கள், தோட்டத்துக்கே திரும்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கோட்டையும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு வட்டம் போட்டேன். பிறகு வேகமாக நடந்தேன்.

விதிப்படி அடுத்த நாள் அந்தக் கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த நாளும் தட்டவில்லை.

ஒரு வாரம் கழிந்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வருகிறேன், கோயில் மதிலருகே அவள் நிற்கிறாள். எலும்பும் தோலுமாக, இடுப்பில் மகளோடு. சுற்றிலும் எங்கள் தெருப் பெண்கள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. நான் இல்லையென்று எழுதிவிட்ட பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கதவ யாரோ தட்டுனாங்க டீச்சர். எழும்ப முடியல. மிஷின் காலப் புடிச்சு இழுத்துப் பார்த்தேன், சத்தமே வரல. அப்புறம் யாருமே வரல. பானைத் தண்ணியும் பலாக்கொட்டையும் வச்சுக் கெடந்தோம். அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டிருச்சு. வெளிய வந்து பாத்தா நிலையில வெள்ளையா ஒரு வட்டம். யார் போட்டாங்கன்னு தெரியல."

அவள் கண்ணில் நீர் நின்றது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் கோடு போட்ட வீடுகளிலிருந்து எத்தனை சவப்பெட்டி போனது என்று அவர்களுக்குத் தெரியும். காய்ச்சல்காரர் இருக்கிற வீட்டில்தானே கோடு இருக்கும், அங்கிருந்துதானே பெட்டி போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. கோடு போட்ட வீட்டுக்குச் சாவு வந்தது, வட்டம் போட்ட வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

"வட்டம் இருந்தா ஆள் இல்லைன்னு அது போயிருது" என்றாள் ஒருத்தி. எது என்று அவள் சொல்லவில்லை.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த வட்டத்தைப் போட்டவள் நான், பயத்தில் போட்டேன், உன்னையும் உன் பிள்ளையையும் சாக விட்டுவிட்டுப் போனேன் என்று. எப்படிச் சொல்வது? பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி பிசகினாலும் விடாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். வாயைத் திறந்தேன். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மூன்று வீடுகளில் புதிதாக வட்டம் இருந்தது. நான் போட்டதல்ல. முஸ்லிம் சங்கத்து ஆள் யாரோ எல்லை தெரியாமல் வந்து போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு தட்டாமல் கடந்தேன். அதற்கடுத்த நாள் ஒன்பது வீடு. ஒரு வாரத்துக்குள் தெருவின் இரண்டு பக்கமும் வட்டங்கள். சுண்ணாம்பில் சில, கரியில் சில, ஒன்று அரிசிமாவில். சில என் தலைக்கு மேலே, சில முழங்கால் உயரத்தில். முழங்கால் உயரத்தில் இருந்தவற்றை யார் போட்டிருப்பார்கள் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

தெரு அடங்கிவிட்டது. நாய் கூடக் குரைக்கவில்லை. நான் நடக்கும்போது என் சப்பாத்துச் சத்தம் மட்டும் என்னோடு வந்தது. ஒரு வீட்டைக் கடக்கையில் உள்ளே இருமல் ஒன்று தொடங்கிப் பாதியில் நின்றது, வாயைப் பொத்தியது போல. இன்னொரு வீட்டுக் கூரையில் புகை நூலாக எழுந்து, நான் நிமிர்ந்து பார்த்ததும் இல்லாமற்போனது. திரும்பிப் பார்த்தால் யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். ஆனால் முதுகில் பார்வை ஊர்வதை என்னால் உணர முடிந்தது.

வண்டிக்காரர் தோட்டப்பக்கத்து மனிதர், வாயாடி. இந்தத் தெருவுக்குள் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் என்னைக் கண்டதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"டீச்சரம்மா, ஒன்னு சொன்னா சிரிக்கக் கூடாது. எல்லா வீட்டுலயும் வட்டந்தான். நான் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். இந்த மாடு நிக்குதும்மா. ஒவ்வொரு வாசல்லயும் நிக்குது. அடிச்சாலும் நகரல. காதை மட்டும் அசைக்குது."

"பழக்கத்தில் நிற்கிறது" என்றேன்.

"பழக்கந்தாங்களா" என்று கேட்டுவிட்டு அவர் வட்டத்தைப் பார்த்தார். கஞ்சி அண்டா அன்றைக்கும் நிறைந்தபடியே திரும்பிப் போனது.

வியாழக்கிழமை, எங்கள் தெருவும் கடைத்தெருவும் சந்திக்கிற மூலையில் இரும்புக்கடைக்காரர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கையில் தொப்பி.

"டீச்சரம்மா, உங்கட தெருவுல இந்த வட்டமெல்லாம் நீங்க போட்டதா?"

"நீங்கள் போட்டதென்றல்லவா நான் நினைத்தேன்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவர்களுடைய தெருவிலும் நாலைந்து வந்துவிட்டதாம். "வாங்க, ஒரு கதவத் தொறந்து பாப்போம்" என்று அவர் முன்னால் நடந்தார். எனக்குத் தெரிந்த வீடு அது, அதிலிருந்த பிள்ளை என் வகுப்பில் படித்தாள். அவர் கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. வெளிச்சம் உள்ளே விழுந்தது.

ஆறு பேர் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருக்கு நடுக்கம், பாய் அதிர்ந்தது. தகப்பன் என் மாணவியின் வாயைக் கையால் பொத்தியிருந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

"இங்க யாரும் இல்லீங்க. போயிட்டாங்க."

இரும்புக்கடைக்காரர் சட்டைப் பையில் இருந்த கொயினாப் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைக் கண்ணால் கூடத் தொடவில்லை. எடுத்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடுமே. நாங்கள் வெளியே வந்தோம். அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கால தொடங்கிச்சு டீச்சரம்மா? மொத வட்டம் போட்டது யாரு? அந்த ஆளே வந்து, இது நான் தெரியாமப் போட்டது, இதுல ஒன்னுமில்லன்னு செல்லணும். வேற யார் சென்னாலும் இவங்க கேக்க மாட்டாங்க."

"தெரியாது" என்றேன்.

அவர் நல்ல மனிதர். நான் சொன்னதை நம்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

வழியில் நாலைந்து வட்டங்களை அழித்துப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் இருவரும் போனோம். அவர் மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. கோடுகள் குறைந்து வருகின்றன, கூட்டு ஏற்பாடு வெற்றி, மூடிய சந்தையைத் திறக்கலாம், புதிய சந்தைக் கட்டிட வேலையைத் தொடங்கலாம். நாங்கள் பார்த்ததைச் சொன்னோம். குடையின் பிடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அடையாளம் போடுறது ஆரின்ரை பொறுப்பு? உங்கடை சங்கத்தின்ரை பொறுப்பு. கஞ்சி குடுக்கிறது கவுன்சிலின்ரை பொறுப்பு. கோடு இருந்தால் நாங்கள் குடுப்பம். வட்டத்துக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லி வண்டிக்காரனுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் முதலிலை வட்டத்தை அழியுங்கோ."

"அழித்தோம். அடுத்த நிமிடமே மறுபடி போட்டுவிட்டார்கள்."

"அப்ப அது சங்கத்துக்கும் சனத்துக்கும் இடையிலை உள்ள விஷயம்" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு எவ்வளவோ வந்தது. எந்த வாயை வைத்துத் திட்டுவது? நானும் என் பங்கை மட்டும் செய்துவிட்டு நடையைக் கட்டியவள்தானே. திரும்பும் வழியில் முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. பெயர் போனால் போகட்டும். இரும்புக்கடைக்காரரிடம், "ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு விஷயம் சொல்லப் போகிறேன், நீங்களும் வந்து நில்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஞாயிறுக்கு மூன்று நாள்தான் இருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டால் என்ன என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குக் குளிர் வந்தது. பொழுது சாய்வதற்குள் அக்காவுக்கும் வந்துவிட்டது. வேப்பிலைத் தண்ணீர் எதையும் தடுக்கவில்லை. இருளும் முன் தையல்காரி கொத்தமல்லித் தண்ணீர் கொண்டு வந்தாள். இருவருக்கும் புகட்டினாள். அக்காவின் மூச்சு இழுப்பதைக் கேட்டு வாசற்படியில் நின்று அழுதாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளியே அவள் உடனே நடந்து போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வண்டி மணி கேட்டது. எங்கள் வாசலில் நின்றது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

"மாடு நிக்குதுடி. கோப்பைய எடுத்துட்டுப் போ."

நான் எழுந்து பாதி அறை வரை போனேன். கால் மடங்கிவிட்டது. "நில்லுங்கள்" என்று கத்தினேன். எனக்கே கேட்காத அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. சாட்டை விழுவது கேட்டது. வண்டி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, நின்றது, கத்தினேன், ஓடியது. அப்போதுதான் தையல்காரி வெளியே நின்றதன் பொருள் எனக்கு விளங்கியது. பார்க்காமலே தெரிந்தது, எங்கள் நிலையில் வட்டம் இருக்கிறது. இந்தத் தெருவில் இனி யாரும் எங்கள் கதவைத் தட்டமாட்டார்கள். தட்ட வேண்டாம் என்று விதி செய்தவள் நான்.

அக்காவின் பாய்க்குத் தவழ்ந்து போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வீடு, உரசிய சத்தம், நான் துடைத்த இரண்டு கோடு. அவள் மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டாள். ஏசவில்லை.

"சரி, இப்பப் போய் அழிச்சிட்டு வா" என்றாள், பள்ளிக்குப் போகச் சொல்கிற குரலில்.

கதவு எட்டடி தூரம். நான் பாதிக்குமேல் போகவில்லை. தரையில் கன்னத்தை வைத்தபடி கிடந்தேன். பின்னேரம் மழை தொடங்கியது. மாதக்கணக்கில் வராத மழை. ஓட்டில் அடித்து, சுவரில் வழிந்து, கதவின் கீழால் என் விரல்வரை தண்ணீர் வந்தது. நெடுநேரம் கழித்து அக்கா பேசினாள்.

"ஆத்துச் சத்தம் கேக்குதுடி. ஆறு வந்துருச்சு."

எனக்கு மழை மட்டும்தான் கேட்டது. திங்கட்கிழமை விடிந்தபோது உண்மையாகவே ஆறு இரைந்துகொண்டிருந்தது. அக்காவின் இழுப்பு நின்றிருந்தது. குணமாகிவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன்.

கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தது இரும்புக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னபடி கோயில் வாசலில் வந்து நின்றிருக்கிறார். அக்காவும் தங்கையும் நாவலப்பிட்டிக்குப் போய்விட்டார்கள், வீட்டில் வட்டம் போட்டிருக்கிறது என்று தெருப் பெண்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வண்டிக்காரர் அவர் கடையில் சாட்டைக்கு வளையம் வாங்கப் போன இடத்தில் நடுங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறார், டீச்சர் வீட்டில் யாரும் இல்லை, ஆனால் பொம்பளைக் குரல் கேட்கிறது என்று. அவர் கல்லாவைக் கூடப் பூட்டாமல் ஓடி வந்தார்.

வண்டிக்காரர் பிறகு என்னிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "சத்தம் கேட்டுச்சு டீச்சரம்மா. கேட்டதுனாலதான் மாட்ட அடிச்சு ஓட்டினேன்."

அக்காவை எங்கள் சங்கம் அடக்கம் செய்தது. குழி வெட்டியது கவுன்சில். இரும்புக்கடைக்காரர் கல்லறை வாசல் வரை வந்து வெளியே நின்றார். எனக்கு எழுந்து போக முடியவில்லை. யன்னலால் பெட்டி போவதைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரி வந்தாள். மகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்து தரையில் அடித்து அழுதாள்.

"தெரு முனையில நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன் டீச்சர். உள்ள வந்தா ஆள் இருக்குன்னு காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும்னு வரல. ரெண்டு வட்டம் போட்டேன். உங்களுக்கு ஒன்னு, அக்காவுக்கு ஒன்னு. அக்காவோடத கீழ போட்டுட்டேன். சாரல் பட்டு அது அழிஞ்சிருச்சு. மேல போட்டிருந்தா அக்கா இருந்திருப்பாங்க. என் கையாலதான் போச்சு."

அவள் தன்னையே கொலைகாரியாக நினைத்து அழுதுகொண்டிருந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். கடைசி வீட்டுக் கதவைத் தட்டியது நான். உரசல் கேட்டும் தள்ளிப் பார்க்காதவள் நான். உன் நிலையில் வட்டத்தைப் போட்டது நான்தான்.

அழுகை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள், எதற்கும் தயாராக இருந்தேன். அவள் என் வலது கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு வாசலைப் பார்த்து மகளைக் கூப்பிட்டு, அந்தக் கையைப் பிள்ளையின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"அப்ப எங்களக் காப்பாத்துனது நீங்கதானா டீச்சர்" என்றாள்.